தலைமுழுக்கு

புரட்டாசி 5, திங்கள்

அறுபதாம் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. மஞ்சள் அட்டை, மேலே பிள்ளையார், இரண்டு பக்கமும் வாழைமரம். குற்றாலிங்கம் என்று அவர் பெயர் கொட்டை எழுத்தில் சுத்தமாக இருக்கிறது. என் பெயர் சங்கரவடிவு. அதைச் ‘சங்கரவடிவேல்’ என்று அடித்து வைத்திருக்கிறான் படுபாவி. இத்தனை வருஷம் இந்த வீட்டில் குப்பை கொட்டியதற்குக் கடைசியில் என்னை ஆம்பிளையாக்கிவிட்டார்கள்.

அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். கூப்பிடுவது எல்லாம் நம் பங்காளி சொக்காரர்கள்தானே, அவர்களுக்கு உன் பெயர் தெரியாதா என்றார். அதோடு முடிந்தது விசாரணை.

அடியில், வரவை எதிர்நோக்குகிறவர்கள் என்று மகன் குமரேசன், மருமகள் வித்யா பெயர்கள் இருக்கின்றன. அதற்குக் கீழே ஒரு பெயர் வர இடம் கிடக்கிறது. வராது என்று தெரிந்தும் விரலால் தடவிப் பார்த்தேன். கிறுக்கு.

மகள் சுகந்தி, கூட வேலை பார்த்த, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையன் செல்வினைக் கட்டிக்கொண்டு போய் ஏழு வருஷம் ஆகிறது. சேதி வந்த அன்றைக்கு இவர் நேரே ஆற்றுக்குப் போனார். மூன்று முழுக்குப் போட்டுவிட்டு ஈர வேட்டியோடு வாசலில் வந்து நின்றார். “எனக்கு மக இல்ல. நான் தலை முழுகிட்டேன். நீயும் முழுகு” என்றார். சாவு வீட்டுக்குப் போய்வந்தால் முழுகுகிற முழுக்கு. நான் கொல்லைக் குழாயடியில் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டேன். அவளைப் பார்க்கப் போனால், திரும்பி வரும்போது என் பிணத்தைத்தான் பார்ப்பாய் என்றும் சொல்லியிருந்தார். ரத்தக்கொதிப்பு உள்ள மனுஷன். நான் போகவில்லை. அவள் ஃபோன் நம்பரும் மாறிவிட்டது.

இந்த டைரியில் அவளைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். முதல் நாளே இந்த லட்சணம்.

புரட்டாசி 7, புதன்

இவர் ஆற்றங்கரைப் படியில் வழுக்கிக் கணுக்காலைப் பூசணிக்காயாக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். எலும்பு முறியவில்லை, காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெந்நீர், தைலம், காப்பி, பேப்பர், திரும்பவும் காப்பி. நடுவில் சங்கத்திலிருந்து ஃபோன் வந்தால் மட்டும் ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டே கொல்லைப்பக்கம் போய்விடுகிறார். கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றும் அவர்களுக்கு இவர் இல்லாமல் முடியவில்லையாம். எனக்கு மட்டும் ஓய்வே கிடையாது.

திட்டிக்கொண்டே இருந்தாலும் நல்லதையும் ஒன்று எழுத வேண்டும் இல்லையா. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தைப்பூசம். காலையில் வெளியே போன மனுஷன் சாயங்காலம் கால் கிலோ அல்வாவோடு வந்தார். பொட்டலத்தில் சூடுகூட ஆறவில்லை. என்ன விசேஷம் என்று கேட்டேன். “சும்மாதான். நீ சாப்பிடு” என்று கையால் பிட்டு என் வாயில் வைத்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. கல்யாணமான புதிதில்கூட அப்படி ஒன்று செய்ததில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றைக்கு முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன். இப்போதும் தைலம் தடவுகிறபோது அந்த அல்வாவை நினைத்துக்கொண்டுதான் தடவுகிறேன். இல்லாவிட்டால் கை ஓடாது.

புரட்டாசி 9, வெள்ளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். முதுகுக்குக் கை எட்டவில்லை.

வெள்ளிக்கிழமை என்றால் சுகந்திக்குத் தலை முழுக்கு. எண்ணெய்ச் சட்டியைக் கண்டதுமே வீட்டைச் சுற்றி ஓடுவாள். பிடித்து இழுத்துவந்து மணையில் உட்கார வைத்தால், “எம்மா, கண்ணு எம்மா, சீயக்கா எம்மா” என்று தெருவே கேட்கக் கத்துவாள். ஒரு கையால் தண்ணீர் ஊற்றி, மறு கையை அவள் நெற்றியில் குடை மாதிரி பிடித்துக்கொள்வேன். ஒரு சொட்டு கண்ணுக்குள் போகாது. ஆனாலும் கத்துவாள். முடிந்த பிறகு சாம்பிராணிப் புகையில் என் மடியிலேயே தூங்கிப்போவாள். கல்லூரிக்குப் போன பிறகும் என் கைதான் வேண்டும் அவளுக்கு. அந்தத் தலை இன்றைக்கு யார் கையில் இருக்கிறதோ, எண்ணெய் கண்டதோ இல்லையோ.

மத்தியானம் செண்பகம் மதினி வந்தாள். இவருடைய அக்கா. கல்யாணம் முடிகிற வரைக்கும் இங்கேதான் இருக்கப்போகிறாள், ஒத்தாசைக்கு. ஒத்தாசை என்றால் உட்கார்ந்த இடத்தில் இருந்து என்னை ஏவுவது. முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது திடீரென்று ஒன்று சொன்னாள். “நீ ஒருத்தி மனசு வச்சிருந்தா அந்தப் பிள்ளையும் மணையில வந்து நிக்கும் வடிவு. பொம்பளைக்கு இம்புட்டு வைராக்கியம் ஆகாது.”

மனசு வைக்க வேண்டியவர் உள்ளே கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறார், அவரிடம் போய்ச் சொல்லுங்கள் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முறுக்கைத் திருப்பிப் போட்டாள். வயதாகிவிட்டால் யார் எதைச் செய்தார்கள் என்பதே மறந்துபோகும் போலிருக்கிறது.

புரட்டாசி 14, புதன்

முதல் பத்திரிகையைப் பிள்ளையாருக்கு வைக்க வேண்டும். தெருமுக்குப் பிள்ளையாருக்கே வைத்துவிடு, நீ அலைய வேண்டாம் என்று இவர் நேற்றே சொன்னார். நான்தான் அவர் மாசாமாசம் சங்கடஹர சதுர்த்திக்குப் போகிற ஆற்றங்கரைப் பிள்ளையாருக்கே வைப்போம், மனுஷன் சந்தோஷப்படட்டும் என்று தேங்காய் பழத்தோடு ஆட்டோ பிடித்துப் போனேன். பெண்டாட்டி புத்தி.

பட்டர் புதியவர், சின்ன வயசு. நான் அந்தக் கோவிலுக்குப் போய் வருஷக்கணக்காகிறது, என்னைத் தெரியவில்லை. பத்திரிகையைப் பார்த்ததும், “குற்றாலிங்கம் சார் வீட்டம்மாவா? சார் கால் இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே தட்டை வாங்கி உள்ளே போனார். நான் வாயைத் திறக்கும் முன்பே அர்ச்சனையை ஆரம்பித்துவிட்டார். எல்லாம் மனப்பாடம். சுவாதி நட்சத்திரம், துலா ராசி, குற்றாலிங்கம். சரி. ரேவதி நட்சத்திரம், மீன ராசி, சுகந்தி.

என் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அடுத்ததாக, பூச நட்சத்திரம், கடக ராசி, ஜயசிந்தா என்றார். பிறகு திரும்பி, “உங்க நட்சத்திரம் சொல்லுங்கோம்மா, அது சார் கொடுக்கலையே” என்றார்.

ஹஸ்தம், கன்னி ராசி என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

பிரசாதம் கொடுக்கும்போது அவராகவே பேசினார். பேத்தி சூட்டிகையாம். போன மாசம் சார் மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாராம். விளக்கு எண்ணெயில் கையை விட்டு அப்பிக்கொண்டதாம் குழந்தை. “ஜயசிந்தான்னு பேரும் புதுசா இருக்கு, அம்பாள் பேரா?” என்று கேட்டார்.

ஆமாம், அம்பாள் பேர்தான் என்றேன். வேறென்ன சொல்ல.

ஆட்டோவில் வரும்போதுதான் உறைத்தது. ஜெசிந்தா. ஜெசிந்தாவைத்தான் பாவம் அந்தப் பட்டர் ஜயசிந்தா ஆக்கியிருக்கிறார். எனக்கு ஒரு பேத்தி இருக்கிறாள். பெயர் ஜெசிந்தா. பிள்ளையாருக்குத் தெரியும், பட்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

பூச நட்சத்திரம்.

தைப்பூசத்தன்றுதான் அல்வா வாங்கி வந்தார்.

புரட்டாசி 15, வியாழன்

முறுக்கு, அதிரசம், மைசூர்பாகு. தைலம் தடவவில்லை. கை வலி என்று சொன்னேன்.

புரட்டாசி 17, சனி

இரண்டு நாளாக அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சாப்பிடுகிறார், தூங்குகிறார், சமையலில் உப்புக் குறைகிறது என்கிறார். ஒரு மாற்றமும் இல்லை. ஏழு வருஷம் பொய் சொன்ன முகம் எப்படி இருக்கும் என்று தேடினேன். பேப்பர் படிக்கிற முகமாகத்தான் இருக்கிறது.

மத்தியானம் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மதினி பக்கத்து வீட்டுக்கு வம்பளக்கப் போயிருந்தாள். ஃபோன் அடுக்களையில் சார்ஜில் கிடந்தது, அடித்தது. ‘சங்கம் ஆபீஸ்’ என்று காட்டியது. சனிக்கிழமை மத்தியானம் எந்தச் சங்கம் திறந்திருக்கும்? எடுத்தேன்.

“எப்பா, வீக்கம் வடிஞ்சிட்டா?”

அவள்தான். குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது, வேறொன்றும் மாறவில்லை. கேஸ் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “நான் அம்மா பேசுதேன்” என்றேன்.

வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு மெதுவாக ஒரு கேள்வி வந்தது. “எம்மா… கோவம் தீந்துட்டா?”

“எனக்கு என்னட்டி கோவம்?”

அழுதாள். அழுகைக்கு நடுவே ஒவ்வொன்றாக வந்தது. அவள் பெயரை எடுத்தாலே நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுகிறேனாம். அவள் தூத்துக்குடியில் வீடு பால் காய்ச்சக் கூப்பிட்டபோது, எந்தக் காலத்திலும் வாசல் மிதிக்க மாட்டேன் என்றேனாம். பிரசவ வலியில் அவள் அம்மா அம்மா என்று கத்தியிருக்கிறாள். இவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, நான் எவ்வளவோ கெஞ்சினேன், உங்கம்மா கல்நெஞ்சக்காரி, வரமாட்டேன் என்றுவிட்டாள் என்று சொல்லியிருக்கிறார். செல்வினுடைய அம்மாதான் கூட இருந்து பார்த்தாளாம்.

அதையெல்லாம் சொல்லிவிட்டு அன்றைக்குச் சாயங்காலம்தான் வந்து எனக்கு அல்வா ஊட்டினார்.

எனக்கு ஒன்றுமே தெரியாது, குழந்தை பிறந்ததே புதன்கிழமைதான் தெரியும், என்னிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை என்று சொன்னேன். பதறிப் பதறிச் சொன்னேன். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு, “சரி விடு எம்மா. பழசு எதுக்கு? நீ பேசுனதே போதும்” என்றாள். சின்னப்பிள்ளை பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் பெரியவர்கள் பெருந்தன்மையாக விடுவார்களே, அந்தக் குரலில் சொன்னாள்.

அவள் என்னை நம்பவில்லை. என் வயிற்றில் பிறந்தவள் என்னை மன்னித்துவிட்டாள்.

புரட்டாசி 19, திங்கள்

பெங்களூரில் குமரேசனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவனுக்கும் எல்லாம் தெரியும். அம்மாவிடம் சுகந்தி பேச்சை எடுக்காதே, அவளுக்கு நெஞ்சு படபடக்கும் என்று அப்பா சொல்லியிருந்தாராம். மருமகளுக்கும் அதே மந்திரம். நல்ல வேளை, நாய் வளர்க்கவில்லை.

புரட்டாசி 22, வியாழன்

இன்றைக்குக் கேட்டுவிட்டேன். மதினி குளிக்கப் போயிருந்தாள். காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். “ஜெசிந்தாவுக்கு நாலு வயசு ஆயிட்டுல்லா?” என்றேன்.

காப்பி வேட்டியில் சிந்தியது. அவள் சொன்னாளா என்று கேட்டார். பிள்ளையார் சொன்னார் என்றேன். சத்தம் போடாதே, அக்கா காதில் விழும் என்றார். நான் சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஏன் செஞ்சிய?” அவ்வளவுதான் கேட்டேன்.

ஊருக்குப் பயந்து, சொக்காரர்களுக்குப் பயந்து, முழுகின தலையோடு எப்படிப் போய் நிற்பது என்று கூச்சப்பட்டு, என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலும் வைத்திருந்தேன். அவர் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு வேறொன்று சொன்னார்.

“பொறந்ததுல இருந்து அவ உனக்கு மகளாத்தான் இருந்தா. காய்ச்சல்னாலும் உன்னைத் தேடுவா, மார்க் வாங்குனாலும் உன்கிட்ட ஓடுவா. நான் உள்ள வந்தா ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திருவிய. ஒரு வருஷம் கழிச்சு ஒரு நாள் அவளே என்னைத் தேடிச் சங்கத்துக்கு வந்தா. எப்பான்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. அப்படி என் கையை அவ பிடிச்சதே கிடையாது. உன்னைக் கூட்டிட்டுப் போயிருந்தா, நான் பழையபடி வாசல்லதான நிக்கணும்?”

ஒரு நொடி அவர் சொல்வது நியாயமாகக்கூடப் பட்டது. அதில்தான் எனக்கு ஆத்திரம் இரண்டு மடங்காகிவிட்டது. பங்கு வேண்டும் என்று கேட்டிருந்தால் மகளைப் பாதி கொடுத்திருக்க மாட்டேனா? மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு, கூடவே என்னைக் கல்லாகவும் ஆக்கி வைத்துவிட்டார். அவருக்கு நல்ல அப்பா பட்டம் வேண்டும், அதற்கு ஒரு கெட்ட அம்மா தேவைப்பட்டிருக்கிறாள்.

அவளும் பேத்தியும் கல்யாணத்துக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் நான் மணையில் உட்கார மாட்டேன் என்றேன். உடனே ஒத்துக்கொண்டார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் மனுஷன் சங்கத்தில் இத்தனை வருஷம் தீர்மானம் எழுதினவர், அடுத்த வரி தயாராக இருந்தது.

“வரட்டும். ஆனா உனக்கு மனசு மாறி நீதான் கூப்பிட்டன்னு இருக்கட்டும். எல்லாருக்கும் அப்படித்தான தெரியும். இப்பம் போயி மாத்திச் சொன்னா என் மூஞ்சி என்னத்துக்கு ஆகும்? அவளும் பிறவு என்கிட்டப் பேச மாட்டா வடிவு.”

கடைசியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பத்திரிகையில் தப்பாகப் போன பெயர், காரியம் ஆக வேண்டும் என்றதும் சரியாக வந்தது.

முடியாது என்று சொல்லலாம். எல்லாரையும் கூட்டி வைத்து அவர் வேஷத்தைக் கிழிக்கலாம். கிழித்தால் யார் நம்புவார்கள்? பெற்ற மகளே நம்பவில்லை. கல்யாணம் நின்றுபோகும், பழி பழையபடி என் தலையில்தான் விழும். எனக்குப் பேத்தியின் முகம் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது.

சரி என்றேன்.

ஐப்பசி 3, செவ்வாய்

மதினி சேதி கேட்டு என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். கல்லும் கரையும் என்று சும்மாவா சொன்னார்கள் என்றாள். சொக்காரர்கள் வீட்டில் இருந்து இரண்டு பேர் வந்து என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். இவரைப் பார்த்து, நீங்கள் பட்ட பாட்டுக்கு இன்றைக்குத்தான் விடிந்திருக்கிறது அண்ணாச்சி என்றார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டு அடக்கமாகச் சிரித்தார். நல்ல நடிப்பு. நான் எல்லாருக்கும் காப்பி கொடுத்தேன், சர்க்கரை சரியாகப் போட்டுத்தான் கொடுத்தேன்.

ஐப்பசி 6, வெள்ளி

முடிந்தது. பாதங்கள் வீங்கி, மூக்கு அடைத்துக் கிடக்கிறேன். எழுதி முடித்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

விடியும்போதே மழை. மண்டப வாசலில் வண்டி வந்து நின்றதும் எனக்கு முன்னால் அவர் நொண்டிக்கொண்டே ஓடினார். சுகந்தி இறங்கினாள். உடம்பு போட்டிருக்கிறாள். தலைமுடி பாதியாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் ஒரு எட்டு முன்னால் வந்து நின்றுவிட்டாள், நான் எப்படி இருக்கிறேனோ என்ற பயத்தில். நானே போய்க் கட்டிக்கொண்டேன். எண்ணெய் வாடையே இல்லாத தலை. செல்வின் என் காலில் விழுந்தான். நல்ல பிள்ளையாகத்தான் தெரிகிறான்.

குழந்தை இவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றது. தாத்தாவிடம் அப்படி ஓர் ஒட்டுதல். நெற்றியும் புருவமும் என்னுடையவை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் குனிந்து, “இன்னா, இதுதான் உன் ஆச்சி” என்றார்.

அது என்னை மேலும் கீழும் பார்த்தது. “கோவக்கார ஆச்சியா?” என்று அவரிடம் கேட்டது.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுகந்தி வாயில் கையை வைத்துக்கொண்டாள். இவர் சிரிக்கவில்லை, என் கண்ணைப் பார்க்கவும் இல்லை. “ஆமாட்டி, அந்த ஆச்சிதான்” என்றேன் நான். எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டேன், பேசியபடி.

ஹோமம் முடிந்து கலசத் தண்ணீர் ஊற்றுகிற நேரம் வந்தது. திறந்த முற்றத்தில் இரண்டு பலகையைப் போட்டு எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மந்திரம் சொன்ன தண்ணீரைப் பிள்ளைகளும் உறவும் எங்கள் தலையில் ஊற்ற வேண்டும், நூறு வயசு இருக்க வேண்டும் என்று. குமரேசன் முதலில் ஊற்றினான். அடுத்தது சுகந்தி. இவருக்கு ஊற்றிவிட்டு என் பக்கம் வந்தாள். ஐப்பசித் தண்ணீர், பல் கிட்டித்தது. செம்பைச் சாய்க்கும்போது மறு கையை என் நெற்றியில் குடை மாதிரி பிடித்தாள். கண்ணுக்குள் ஒரு சொட்டுப் போகவில்லை. அவள் கைக்கு அது நினைவிருக்கிறது. அவளுக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை.

அந்தக் கைக்குக் கீழே இருந்துகொண்டு திரும்பிப் பார்த்தேன். பக்கத்துப் பலகையில் இவர் கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கூப்பிக்கொண்டு, புண்ணியவான் மாதிரி நனைந்துகொண்டிருந்தார். ஏழு வருஷத்துக்கு முன்னால் இவர் போட்டது வெறும் குளியல். சரியான முழுக்கு எப்படி என்று அப்போது எனக்கும் தெரிந்திருக்கவில்லை. இன்றைக்கு இரண்டாவது செம்பு தலையில் விழும்போது, கெட்டிமேளம் கொட்ட, அத்தனை பேரும் பூப்போட, இவரைத் தலை முழுகினேன்.

ஒருத்தருக்கும் தெரியாது. மதினி குலவை போட்டாள்.

பிறகு ஈரத்தைத் துவட்டி, புதுச்சேலை மாற்றிக்கொண்டு வந்து மணையில் உட்கார்ந்தேன். தாலியை எடுத்துக் கட்டினார். யாருக்குக் கட்டினார் என்று கேட்டால், பத்திரிகையில் போட்டிருக்கிறதே, சங்கரவடிவேல் என்று, அவனுக்குத்தான்.